உறங்கும் நீதிபதிக்கு மருமகள் எழுதுவது

என் அன்பான சால் மாமா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒன்பது மணி அடித்தால் படுக்கை. விடிய ஐந்து மணிக்கே ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து பழகிய முகம், அதற்கு மேல் விழித்திருந்தால் சுருங்கிவிடும் என்பீர்கள். ஒன்பதுக்குப் பிறகு யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் "யார் செத்தது?" என்றுதான் தொடங்குவீர்கள். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி தாரா உறங்கிவிட்டாள். உங்கள் மகன் மத்தேயோ அவளுக்கு முன்னமே உறங்கிவிட்டார். எனக்குத்தான் நித்திரை வரவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும்தானே. பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, அதில் அவள் எழும்பிவிட, ஏன் எழும்பினாள் என்று அதற்கும் கவலைப்படுகிறவள் நான். ஆனால் இன்றைக்கு என்னை விழிக்க வைத்திருப்பது கவலை இல்லை, ஒரு செய்தி. உங்களுக்கும் தாராவுக்கும் இடையில் இருந்த அந்தப் பந்தயத்தைப் பற்றியது.

உடனே சொல்லமாட்டேன். முடிவை முதலில் சொல்கிறவனை மேடையில் ஏற்றக் கூடாது என்று சொன்னவர் நீங்கள்தான்.

இன்னொன்று. உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும், அதை எங்கள் ஆட்களுடைய பத்திரிகையின் நினைவுப் பக்கத்தில் போடவேண்டும் என்று என் அப்பா இன்று மாலை சொல்லிவிட்டார். உங்களை அறியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக, உங்கள் கதையையே உங்களுக்குச் சொல்லவேண்டி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கதையைக் கேட்பதில் உங்களுக்கு என்றைக்குச் சலிப்பு வந்தது?

நீங்கள் பிறந்தது அமெரிக்காவில், நியூஜேர்சியில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில். சலூன் உங்கள் அப்பாவுடையது. இத்தாலியின் தெற்கிலிருந்து கப்பலேறி வந்தவர். காத்திருக்கிறவர்கள் அலுத்துப்போய் அடுத்த கடைக்குப் போய்விடாமல் இருக்க, சின்னப் பையனான உங்களை ஒரு நாற்காலியில் ஏற்றி, ஊரில் உள்ளவர்களைப்போல் நடித்துக் காட்டச் சொல்வாராம். ஆனால் ஒரு சட்டம். முகத்தில் சவர்க்கார நுரையோடு இருப்பவர் சிரித்துவிடக் கூடாது, கத்தி பட்டுவிடும். அதனால் கத்தி கன்னத்தில் இருக்கும்வரை சிரிப்பைப் பிடித்து வைத்திருப்பீர்கள். அப்பா கத்தியைத் துடைக்கத் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அவிழ்த்து விடுவீர்கள். "நேரம் பார்க்க எனக்குப் பள்ளிக்கூடம் படிப்பிக்கவில்லை, சவரக்கத்திதான் படிப்பித்தது" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள்!

பிறகு நியூயோர்க். பகலில் உணவகத்தில் பரிமாறுகிற வேலை, இரவில் அதே உணவகத்தின் மூலையில் ஆட்களைச் சிரிக்கவைக்கிற பகிடி. அங்கிருந்து சினிமாவுக்கு. தட்டோடு விழுகிற பரிமாறுபவர், துப்பாக்கியைக் கண்டால் மயங்குகிற கொள்ளைக்காரன், மணமகளை விட அதிகமாக அழுகிற தாய்மாமன். எல்லாம் சின்னப் பாத்திரங்கள். கொடுத்த வசனம் பிடிக்காமல் நீங்களே திருத்திப் பேசப்போய், "யார் இதை எழுதியது?" என்று இயக்குநர் கத்த, மறுவாரம் அவருடைய படத்துக்கே வசனம் எழுத உட்கார்ந்தீர்கள். பெயர் போட்ட படங்கள் சில. பெயர் போடாமல் சிரிப்பு மட்டும் உங்களுடையதாக இருந்த படங்கள் பல. "திரையரங்கில் கடைசி வரிசையில் இருந்து, என் வரிக்குச் சிரிக்கிற ஆட்களின் பின்தலையைப் பார்ப்பேன். அதுதான் எனக்கு விருது" என்பீர்கள்.

ஜேர்மனிக்கு ஒரு படப்பிடிப்புக்காக வந்தீர்கள். படம் பாதியில் நின்றது, நீங்கள் தங்கிவிட்டீர்கள். காரணம், உங்களுக்கு மீசை ஒட்டுகிற வேலையில் இருந்த ரெனாட்டே மாமி. நான் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒட்டுவதை விட, பிய்க்கத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது என்று கண்ணைச் சிமிட்டிச் சொல்வீர்கள். எசன் நகரில் குடித்தனம், மத்தேயோ பிறந்தார். இங்கே உள்ள தொலைக்காட்சித் தொடர்களில் பிட்சாக் கடைக்காரர், மாபியாத் தலைவரின் பயந்த தம்பி, அமெரிக்க ஜெனரல், பாதிரியார். எழுதிக் கொடுத்ததும் நிறைய.

ஒரே ஒரு வருத்தம்தான் உங்களுக்கு. இங்கே வெளிநாட்டுப் படம் எல்லாவற்றுக்கும் ஜேர்மன் குரல் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பழைய படங்கள் தொலைக்காட்சியில் வரும்போது வாய் உங்களுடையது, குரல் வேறு யாரோ ஒருவருடையது. "இந்த நாட்டில் என்னைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டவர்கள் இல்லை" என்று ஒருநாள் சொன்னீர்கள். பகிடியாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மத்தேயோவைப் பற்றி நான் வீட்டில் சொன்ன நாள். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே ஒரு பேக்கரியில் மாவு பிசைந்து எங்களைப் படிப்பித்தவர். பொய் பேசமாட்டார். ஆனால் மரியாதை முக்கியம்.

"தகப்பன் என்ன வேலை, பிள்ளை?"

"நடிகர், அப்பா. படத்துக்குக் கதையும் எழுதுறவர்."

"அது சரி. வேலை என்ன எண்டு கேக்கிறன்."

"அதுதான் வேலை. பகிடி நடிகர்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சிரிச்சமுகமா இருப்பினம் போல. பிள்ளைக்கு நல்லதுதானே" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டார்.

கலியாண மண்டபத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சொந்தக்காரர், எல்லாரும் அதிபர் மாமா என்று கூப்பிடுகிறவர், நேரே வந்து அப்பாவைக் கேட்டார்: "தம்பி, சம்பந்தி என்ன உத்தியோகம்?"

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போன கிழமையும் கோட்டிலை நீதிபதியா இருந்தவர்" என்றார். அது பொய் இல்லை. போன கிழமைதான் ஒரு தொடருக்காக நீங்கள் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தீர்கள்.

நான் உங்கள் காதில் ஜேர்மனில் மெல்லச் சொன்னேன். சிரித்து விஷயத்தை உடைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் செய்தது என்ன? தோளை உயர்த்தி, கையைப் பின்னால் கட்டி, கண்ணைப் பாதி மூடி, "வழக்கு ஏதாவது இருந்தால் சொல்லச் சொல்லு" என்றீர்கள்.

வழக்கு இருந்தது! "ஐயாட்டைக் கேள் பிள்ளை" என்றார் அதிபர் மாமா. "நான் மீன் பொரிக்கிற நாளெல்லாம் மேல்வீட்டு ஜேர்மன்காரன் கதவிலை கடுதாசி ஒட்டுறான். மணக்குதாம். நான் என்ன, மீனைக் குளிரூட்டியிலை வைச்சுக் கும்பிடுறதே?"

தண்ணீர் குடித்தீர்கள். மேலே பார்த்தீர்கள். பிறகு தீர்ப்பு: இனி மீன் பொரித்தால் முதல் துண்டு மேல்வீட்டுக்கு. அவன் வாங்க மறுத்தால் வழக்கு மறுபடி என்னிடம் வரட்டும்.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அப்பாவுக்கு வேட்டி சால்வையோடு வேர்த்துக் கொட்டியது. வாகனத் தரிப்பிடத்தில் உங்களைத் தனியே பிடித்து, "அவர் நம்பிவிட்டார்" என்று அப்பா ஜேர்மனில் தவிக்க, "கவலைப்படாதே, நானே நம்பிவிட்டேன்" என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களின் பூப்புனித நீராட்டு விழாவானாலும் பொங்கலானாலும் நீங்கள் நீதிபதி ஐயா. இலையில் சோறு போடப் போட, போதும் என்பதற்கு எங்களைப்போல் "காணும், காணும்" என்று சொல்லப் பழகினீர்கள். அதைச் சொன்னால் இன்னும் இரண்டு அகப்பை விழும் என்பதைக் கண்டுபிடித்தபின் அதை மட்டுமே சொன்னீர்கள்.

பிறகு தாரா வந்தாள்.

சிரிக்காத பிள்ளை. மற்றப் பிள்ளைகள் நாலு மாதத்தில் கலகலவென்று சத்தமாகச் சிரிக்கும்போது, இவள் எங்களை வரிக்கந்தோர் அதிகாரி கோப்புப் பார்ப்பதுபோல் பார்த்தாள். புன்னகை உண்டு, எப்போதாவது. சத்தம் வராது. நான் கைப்பேசியில் தேடாத பக்கம் இல்லை. ஒவ்வொரு பக்கமும் என்னை அடுத்த பயத்துக்குக் கொண்டுபோனது. பிள்ளை வைத்தியர், "காது நன்றாகக் கேட்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது, கொஞ்சம் யோசிக்கிற ஆள், அவ்வளவுதான்" என்றார். அடுத்த டெர்மின், மறுபடி வந்து காட்டவேண்டிய நாள், வரை பொறுத்திருக்கச் சொன்னார். எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? "நீயும் சின்னனிலை மூஞ்சியை உம்மெண்டுதான் வைச்சிருந்தனீ" என்று அம்மா ஆறுதல் சொன்னார். அது ஆறுதலா?

நீங்கள்தான் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், தாராவின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "பந்தயம். உன் முதல் சிரிப்பு எனக்கு. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது."

உங்கள் ஆயுள்காலச் சரக்கு முழுவதையும் இறக்கினீர்கள். மூக்கில் கரண்டி தொங்கியது. தொப்பி தானாக எழும்பியது. கதவில் முட்டினீர்கள், கதவிடம் மன்னிப்புக் கேட்டீர்கள், மறுபடி முட்டினீர்கள். தாரா அசையவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற அம்மா, "பிள்ளை, இவர் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுறாரோ, குழந்தை இவருக்குக் காட்டுதோ?" என்று கேட்டார். நானும் மத்தேயோவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

நீங்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர்கள் சொந்தக்காரர்கள். இவள்தான் ரசிகை" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில், இதயம் ஓய்வு கேட்கிறது என்று வைத்தியர்கள் சொன்ன பிறகு, தாராவை உங்கள் கட்டிலில் இருத்தினேன். கையில் ஊசி ஏறியிருந்ததால் உங்களிடம் மிச்சம் இருந்தது ஒரு புருவம்தான். அதை உயர்த்தினீர்கள். அவள் உற்றுப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் போகப்போகிறீர்கள் என்பதற்கா, அவள் சிரிக்கவில்லை என்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை. "அழாதே அபி. நான் பிந்தினாலும் வருவேன். நல்ல பகிடி கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்றீர்கள்.

இனிச் செய்தி.

இன்றைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள். நீங்கள் கத்தோலிக்கர், காலையில் தேவாலயத்தில் திருப்பலி. ஆனால் மத்தியானச் சாப்பாடு எங்கள் முறைப்படிதான் நடக்கவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். "என்ர சம்பந்திக்கு முப்பத்தொண்டு செய்யாமல் விடேலாது." மண்டபம் பிடித்தார். கல்வெட்டும் அடித்தார். கல்வெட்டு என்றால், இறந்தவரின் வாழ்க்கையை எழுதி, முகப்பில் படம் போட்டு, முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். "அமெரிக்கா நியூஜேர்சியைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனி எசனை வதிவிடமாகவும் கொண்ட" என்று வழக்கமான பாணியில் அழகாகத் தொடங்கி, தொழில் வருகிற இடத்தில் அப்பாவின் பேனை நின்றுவிட்டது.

"பகிடி நடிகர் எண்டு போடுங்கோ, அப்பா."

"நடிகர் எண்டு போடலாம். செத்த ஆளின்ர கல்வெட்டிலை பகிடி எண்டு எழுதேலாது, பிள்ளை."

"அவர் செய்தது அதுதானே."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். சபைக்கு ஏன்?"

கடைசியில் "கலைத்துறையிலும் ஈடுபாடு கொண்டவர்" என்று போட்டார். முகப்புப் படத்துக்கு, இருந்ததிலேயே மரியாதையான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளைப் பொய்முடியும் கறுப்பு அங்கியுமாக நீங்கள் ஆங்கில நீதிபதியாக இருக்கிற படம். அதே படம்தான் மண்டபத்திலும் பெரிதாக நின்றது. மாலை, குத்துவிளக்கு, முன்னால் உங்களுக்குப் படைத்த உழுந்து வடையும் கோப்பியும். வந்தவர்கள் உங்களைப் பார்த்து, "என்ன கம்பீரம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அது எந்தச் சினிமாவில் எடுத்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். வழக்கு நடக்கும்போது நித்திரையை அடக்க முடியாமல் தவிக்கிற நீதிபதி.

அப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார். "சம்பந்தி ஐயாவின் நினைவாக ஒரு நிமிடம் அகவணக்கம் செலுத்துவோம்." எல்லாரும் எழுந்து தலை குனிந்தோம். தாரா என் தோளில். மேசையில் மடிக்கணினியோடு மத்தேயோ. அகவணக்கம் முடிந்ததும் உங்கள் புகைப்படங்களைப் பின்சுவரில் உள்ள பெரிய திரையில் காட்டுவது அவருடைய பொறுப்பு.

அமைதி. கரண்டிச் சத்தம்கூட இல்லை. நான் காலணியைப் பார்த்துக்கொண்டு, தாராவை அழவைத்துவிடாதே கடவுளே என்று நேர்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். விக்கலா, இருமலா? மறுபடி வந்தது. பிறகு நிற்காமல் வந்தது, வயிற்றின் அடியிலிருந்து, உடம்பு முழுவதும் குலுங்க.

சிரிக்கிறாள், மாமா! உங்கள் பேத்தி, உங்களுடைய அகவணக்கத்தில், மண்டபம் அதிரச் சிரிக்கிறாள்!

நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் நீங்கள். சத்தம் இல்லாமல் படம் ஓடிக்கொண்டிருந்தது. புகைப்படத்துக்குப் பதிலாக அந்த நீதிமன்றக் காட்சி. மத்தேயோ தவறிக் கைபட்டது என்கிறார். அவர் உங்கள் மகன், எவ்வளவு நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. ஜேர்மன் குரல் இல்லை, இங்கிலிஷ் குரல் இல்லை, யாருடைய குரலும் இல்லை. வெறும் நீங்கள்.

ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து திரும்பினார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். எனக்குப் பின்னால் யாரோ அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அதிபர் மாமா மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தம்பி, நீதிபதி ஐயா ஏன் இப்பிடி வழக்கிலை நித்திரை கொள்ளுறார்?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஒலிவாங்கி இன்னும் அவர் கையில் இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார், கலியாணத்தன்று போலவே. பிறகு நிமிர்ந்து நின்றார்.

"அவர் நீதிபதி இல்லை, அண்ணை. நடிகர். பகிடி நடிகர். என்ர பேத்தி பிறந்த நாளிலையிருந்து சிரிக்கேல்லை. இப்ப சிரிக்கிறாள். என்ர சம்பந்தி சிரிக்க வைச்சிட்டார்." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிபர் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப அந்த மீன் தீர்ப்பு?"

"தீர்ப்புப் பிழையோ?" என்று அம்மா கேட்டார்.

"தீர்ப்புச் சரி. போன வெள்ளிக்கிழமையும் மேல்வீட்டான் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினவன். நடிகரா இருந்தா என்ன, இப்பிடி ஒரு தீர்ப்பை எந்தக் கோட்டிலை தருவாங்கள்?" என்று சொல்லிவிட்டு, படையலுக்குப் பக்கத்தில் இருந்த வடைத் தட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

சாப்பாட்டில் எல்லாரும் உங்கள் கதைதான் பேசினார்கள். காணும் காணும் என்று நீங்கள் சொல்கிற விதத்தை என் அப்பா நடித்துக் காட்டினார். என் அப்பா! நன்றாக நடிக்கத் தெரியாது அவருக்கு. அதனாலேயே எல்லாரும் சிரித்தார்கள். புறப்படும்போது கல்வெட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த ஈடுபாடு வரியைக் கோடு கீறி வெட்டி, மேலே பேனையால் "பகிடி நடிகர், கதாசிரியர்" என்று எழுதி என்னிடம் தந்தார். "இது தாராவுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருப்பேனா? மத்தேயோவிடம் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னேன். தாராவை முன்னால் இருத்தினோம். மறுபடியும் வரிக்கந்தோர் அதிகாரி. திரும்பவும் போட்டோம். கொட்டாவி விட்டாள்.

பயப்படவில்லை, மாமா. ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும். அவள் எந்த இடத்தில் சிரித்தாள்? பொய்முடி கண்ணை மூட, விடியவில்லை என்று நினைத்து மேசையில் சாய்கிற இடமா? சுத்தியலைத் தேடித் தண்ணீர்க் குவளையை அடிக்கிற இடமா? அல்லது எல்லாம் முடிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நேரே எங்களைப் பார்க்கிறீர்களே, அந்த இடமா? எனக்குத் தெரியாது. நான் குனிந்து நின்றேன். மத்தேயோ, அப்பா, அம்மா, மண்டபம் முழுவதும் குனிந்து நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் தலை நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் இரண்டு பேரும்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். தாத்தா என்ன வேலை செய்தார் என்று தாரா கேட்கும் நாளில் நீதிபதி என்றும் சொல்லமாட்டேன், கலைத்துறை என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கல்வெட்டை எடுத்து, அவளுடைய மற்றத் தாத்தாவின் கையெழுத்தைக் காட்டுவேன். அடுத்த சிரிப்பு வரும்வரை, அது எவ்வளவு பிந்தினாலும், கைப்பேசியில் தேடாமல் காத்திருக்கவும் பார்க்கிறேன்.

ஆனால் எந்த இடம் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். வேறு சாட்சி இல்லை. கெதியாய்ப் பதில் போடுங்கோ, மாமா.

உங்கள் மருமகள்,
தாராவின் அம்மா, அபி
எசன்